ஸ்கூட்டர் கண்ணாடியும் அக்காவும்

...இல்லண்ணே, கோளாறு லென்ஸ்லதான். நல்லா வெளிச்சத்துல காட்டிப் பாருங்க. போன மாசம் இதே கவுண்டர்ல நீங்கதானே எடுத்துக் குடுத்தீங்க, எண்பத்தஞ்சு எம்எம், ஒண்ணு புள்ளி எட்டு. ஜூம் கெடையாது, ஆனா இருட்டுச் சந்துலகூட ஃப்ளாஷ் இல்லாம எடுக்கும்னீங்க. எடுக்குது. எத எடுக்குதுன்றதுதான் பிரச்சன. மூக்க எடுத்தா காது கலங்குது, காத எடுத்தா மூக்கு கலங்குது...

என்னது? எப்பவும் லென்ஸ முழுசாத் தொறந்து ஒண்ணு புள்ளி எட்டுலயே வச்சு எடுக்கக் கூடாதா? அப்புறம் எதுக்குண்ணே அத வாங்குனேன்?

நான் பல் டாக்டர்கிட்ட டோக்கன் குடுக்குறவ. காலையிலேருந்து தாடையப் புடிச்சுக்கிட்டு வர்ற மூஞ்சிதான். நல்ல மூஞ்சியா நாலு பாக்கலாம்னுதான் தெருவுல எறங்கிப் படம் எடுக்க ஆரம்பிச்சேன். ஆனா கிட்டப் போனா மொறைக்கிறாங்க. பூட்டு ரிப்பேர் பண்றவரு ஒருத்தரு, எதுக்கும்மா எடுக்குறேன்னு சும்மாதான் கேட்டாரு. அதுக்கே எனக்கு வேர்த்துப்போச்சு. அதான் தூரத்துலேருந்து எடுக்குற லென்ஸ். எதிர்ப்பக்கம் நின்னு சத்தமில்லாம அமுக்கிட்டு நழுவிடலாம் பாருங்க. ஒரு மாசத்துல நானூறு படம், அதுல முந்நூறு முதுகு. போட்டோ கிளப்புல கொண்டுபோயிக் காட்டுனேன். தலைவரு பொறுமையாப் பாத்துட்டு, முதுகுவலித் தைலத்துக்கு விளம்பரமான்னு கேட்டாரு.

சிரிக்காதீங்க. விஷயத்துக்கு வர்றேன்.

ரெண்டு நாள் முன்னாடி சாயங்காலம், பழக்கடைக்கு எதிர்ல நிக்கிறேன். அங்க எங்க அக்கா, தெனம் அந்நேரத்துக்கு அங்கதான் பழம் வாங்குவாளாம். கூடப் பொறந்தவ. மூணு வருஷமா பேச்சுவார்த்த கெடையாது. பெரிய சண்டையெல்லாம் இல்லண்ணே. அவ பொண்ணு பள்ளிக்கூட விழாவுல நான்தான் படம் எடுத்தேன், எல்லாத்துலயும் அக்காவுக்குத் தல வெட்டுப்பட்டுப் போச்சு. அத சொந்தக்காரங்க மத்தியில சொல்லிச் சொல்லிச் சிரிச்சா. எனக்குச் சுருக்குனு ஆயிடுச்சு. எந்திரிச்சு வந்தவதான். அவ போன் அடிச்சாகூட எடுக்கல.

பழக்கடையில நின்னு ஒரு திராட்சைய வாயில போட்டுப் பாத்து மொகத்தச் சுளிக்கிறா. அச்சு அசல் எங்க அம்மா. கேமராவத் தூக்குனேன். அவ நிமிந்தா. என்னப் பாத்துட்டா. பாத்துட்டு, கையத் தூக்குனாண்ணே.

நாலு படம் எடுத்தேன். இந்தாங்க, இதுதான். அவ பொகையாட்டம் தெரியிறா, நடுவுல நின்ன ஸ்கூட்டர் கண்ணாடி மட்டும் பளிச்சுனு விழுந்திருக்கு. நாலாவதுல அவ முதுகு.

நீங்க தொடச்சுத் தொடச்சு என்னத்தப் பாக்குறீங்க... வைங்க கீழ. லென்ஸ் நல்லாத்தான் இருக்குன்னு எனக்கும் தெரியும். கேமராவ எறக்கிட்டு நானும் ஒரு கையத் தூக்கியிருக்கணும். தூக்கல. மூஞ்சிக்கு முன்னால அது இருந்தது வசதியாப் போச்சு.

ஏண்ணே... முப்பத்தஞ்சு எம்எம் ஒண்ணு அன்னிக்கு எடுத்து வச்சீங்களே, நான்தான் வேணாம்னு தள்ளிவிட்டேன். அதுல ஒரு ஆள இடுப்பு வரைக்கும் எடுக்கணும்னா எவ்வளவு கிட்டப் போகணும்?

நாலடியா?

நாலடின்னா பேசாம வர முடியாதேண்ணே...

சரி, எடுங்க. டப்பாவெல்லாம் வேணாம், கேமராவுலயே மாட்டிக் குடுங்க. பழக்கட மூடுறதுக்குள்ள போகணும்.