கொக்கி உள்ள பாட்டில்

— அந்தக் கதவைச் சாத்துண்ணா. சத்தம் வராம சாத்து.

— சாத்தியாச்சு பாப்பா. ஏன் இப்படி வெளிறிப் போய் நிக்கிற? காலையில நீ கொடுத்த கிருமித் தண்ணியை ஒரே மடக்குல குடிச்சேன். வாந்தி இல்ல, வயித்துவலி இல்ல. இந்த வார்டுலயே சமத்தான ஆள் நான்தான்.

— உனக்குத் தப்பான பாட்டிலைக் கொடுத்துட்டேன்.

— சரக்கு மாறிப் போச்சா? என் ஆணிக்கடையில தினம் நடக்குறதுதானே. திருப்பி எடுத்துக்கறதா இருந்தா சொல்லு, வாயைத் திறக்கறேன்.

— விளையாடாதேண்ணா. எங்க லேப்ல ஒரே கிருமியில ரெண்டு வகை வச்சிருக்கோம். ஒண்ணுல கொக்கி இருக்கும். இன்னொண்ணுல கொக்கியை நாங்களே எடுத்திருப்போம். எடுத்ததைத்தான் குடிக்கக் கொடுக்கறோம், தடுப்பு மருந்தா ஆகுமான்னு பார்க்க. நீ குடிச்சது கொக்கி உள்ளது.

— பாட்டில் மேல பேர் எழுத மாட்டீங்களா? நான் அரை அங்குல ஆணி டப்பாவுக்கே பேர் ஒட்டி வச்சிருக்கேன்.

— எழுதியிருக்கு. ரெண்டுக்கும் ஒரே முழநீளப் பேரு, கடைசி எழுத்து மட்டும் வேற. அதைப் படிக்கிறதையே நான் விட்டுட்டேன். ஃப்ரிட்ஜ் கதவோட கீல் பக்கம் இருந்தா கொக்கி உள்ளது, கைப்பிடிப் பக்கம் இருந்தா இல்லாதது. கை தானாப் போகும். போன வாரம் புது ஃப்ரிட்ஜ் வந்துச்சு. வலதுல இருந்ததை வலதுலயே வச்சாங்க, இடதுல இருந்ததை இடதுலயே வச்சாங்க. ஆனா புதுசுக்குக் கீல் எதிர்ப்பக்கம்.

— அடிப்பாவி. அப்போ மத்தவங்க?

— அவங்களுக்கு ஊத்தினது வேற ஆள், பேர் படிச்சுதான் ஊத்துவார். அண்ணனாச்சே, நம்ம கையால கொடுப்போம்னு உனக்கு மட்டும் நான் ஊத்தினேன்.

— நல்லா கொடுத்தே. ஆள் கிடைக்கலைன்னு நீ மூக்கைச் சிந்தினியேன்னு வந்தேன். சரி, நான் விக்கிற கொக்கியைச் சுவத்துல மாட்டலாம். இது எங்கே மாட்டும்?

— குடல்ல. அது ஓடிக்கிட்டே இருக்கிற வாய்க்கால் மாதிரி, பிடிமானம் இல்லாததை அடிச்சுக்கிட்டுப் போயிடும். இந்தக் கிருமி தன் வால் நுனியில ஒரு புரோட்டீனை வச்சிருக்கு. நம்ம குடல் செல் மேல ஒரு சர்க்கரை இருக்கும். அந்தப் புரோட்டீன் அதைத் தேடிப் பிடிச்சுக்கும்.

— கடை வாசல்ல நின்னு போறவன் கையைப் பிடிச்சு இழுப்பானே, அந்த மாதிரி.

— அவனாவது திட்டினா கையை விடுவான். இது ஒட்டி உட்கார்ந்து விஷத்தைக் கொட்டும்.

— விஷமா? அதையா பாப்பா நான் ஒரே மடக்குல குடிச்சேன்?

— நீ பயப்படாதே. உனக்குப் பெரிசா ஒண்ணும் ஆகாது. அந்தச் சர்க்கரை இருக்கிறது ஏ குரூப் ரத்தக்காரங்களுக்கு. அவங்ககிட்டதான் உடும்புப் பிடி. ஓ குரூப்புக்கு ரெண்டு தடவை வெளியே போகும், அவ்வளவுதான். அதனாலதான் இந்த ஆராய்ச்சிக்கு ஓ குரூப்பா பார்த்து எடுத்தோம்.

— ஏ குரூப்புக்கு என்ன ஆகும்?

— அது எதுக்கு உனக்கு?

— சும்மா சொல்லேன்.

— எங்க லேப்ல முன்னே ஒருத்தர் கை கழுவாம வாயைத் துடைச்சுட்டார். ஏ குரூப். சாயங்காலத்துக்குள்ள பிழிஞ்சு போட்ட துணி மாதிரி ஆயிட்டார். நாடியே கிடைக்கல.

— பொழைச்சாரா?

— அந்தப் பேச்சை விடுண்ணா.

— விட்டாச்சு. இதுக்கு மாத்திரை இருக்கா?

— இருக்கு. கெட்டியா ஒட்டிக்கறதுக்கு முன்னே போட்டா அடங்கிடும். ஆனா கொடுத்தா ஏன் கொடுத்தேன்னு சொல்லணும். சொன்னா ஆராய்ச்சியை இழுத்து மூடிட்டு என்னை வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. அதான் உன் கால்ல விழாத குறையா கேக்கறேன். யார்கிட்டயும் மூச்சு விடாதே. நான் பக்கத்துலயே இருக்கேன்.

— மாத்திரையைக் கொடு பாப்பா.

— உனக்குத் தேவையே இல்லைன்னு சொல்றேனே.

— கொடு.

— செருப்பு தைக்கிறவர்கிட்ட கூட அரை மணி பேரம் பேசுவே. இப்போ என்ன ஒத்தை வார்த்தையில நிக்கிற? என்னை வேலையை விட்டு அனுப்பினா பரவாயில்லையா உனக்கு?

— எல்லாருக்கும் கையில ஊசி குத்தி ரத்தம் பார்த்தீங்க. என்னை மட்டும் ஏன் விட்டீங்க?

— உனக்கு எதுக்குப் பார்க்கணும்? நான்தான் வேண்டாம்னேன். அப்பா ஓ, அம்மா ஓ, நான் ஓ. ஓவும் ஓவும் சேர்ந்தா பிள்ளைக்கு ஓதான் வரும், வேற வரவே வராது. என் அண்ணன் ரத்தம் எனக்குத் தெரியாதா?

— நீ கேட்டிருந்தா கூட சொல்லியிருப்பேனோ என்னவோ. உன்கிட்ட மட்டும் சொல்லக் கூடாதுன்னு அம்மா சத்தியம் வாங்கியிருந்தாங்க.

— என்ன சத்தியம்? அண்ணா, ஏன் வயித்தைப் பிடிச்சுக்கிற? அண்ணா!

— என்னைப் பெத்தது அவங்க இல்ல பாப்பா. நான் ஏ குரூப்.