அம்பாவுக்கு இழுபட்ட லொறி

"இஞ்சையப்பா, மறிக்கப் போன லொறியை ஏன் இழுத்து விட்டனீங்கள்?"

விடத்தல்தீவு பஸ்ஸில் எனக்கு முன்னால் இருந்த பெண் தன் கணவனைக் கேட்டாள். அவர்களுடைய கடற்கரையில் மண் அள்ள வந்த லொறியை எதிர்த்து அன்று காலை போராட்டமாம்.

"அது மணலுக்குள்ள புதைஞ்சு போச்சு. நாங்கள் கோஷம் போட்டுக் களைச்சுப்போய், கரைவலை இழுக்கேக்க படிக்கிற அம்பாப் பாட்டை எடுத்தம். அந்த நேரம் பார்த்து டிரைவர் கயிற்றை நீட்டினான்."

"நீட்டினால்?"

"அம்பா படிக்கேக்க கையில கயிறு வந்தால் இழுக்காமல் என்ன செய்யிறது? காவலுக்கு நிண்ட பொலிசுக்காரரும் ஏலேலோ சொல்லி இழுத்தவை."

நான் கந்தோரில் படித்த எந்தச் சுற்றறிக்கையிலும் இப்படியொரு மறியலுக்கு இடமில்லை.

"பிறகு?"

"பிறகென்ன, நேரை கரைக்குப் போய் மண்ணை ஏத்திக்கொண்டு போயிட்டான். நாளைக்கும் வருவானாம்."

"இப்பிடியே விட்டால் வள்ளம் இழுத்து வைக்கவும் கரை மிஞ்சாது. நாளைக்கு நீங்கள் ஒருத்தரும் பாட வேண்டாம். பொம்பிளையள் நாங்கள் றோட்டில இருந்து ஒப்பாரி வைக்கிறம்."

"அதுக்கு லொறி நிக்குமோ?"

"ஒப்பாரி வைக்கிறவள் இடையில எழும்ப மாட்டாள். எங்களுக்குச் சொல்லி அழ ஒரு கிழமைக்குக் கதை இருக்கு."