கைகாட்டிப் பாறை

கேளுங்க, இது வெள்ளக்காரன் ஆண்ட காலத்துல நடந்தது. மஞ்சணத்திக்குளம், இந்த நம்ம ஊருதான். எங்க பூட்டன், பேரு மூக்காண்டி, ஆடு மேச்சுக்கிட்டு இருந்தாராம். கூப்பிட்ட கொரலுக்கு ஓடுத மனுசன்னு சொல்லுவாவ. அதுதான் அவருக்கு எமனா வந்துச்சு.

ஒருநாள் குளத்தங்கரைப் பாறையடியில ஒரு துணி யாவாரி வெட்டுப்பட்டுக் கெடந்தாராம். வெட்டுனது யாருன்னு அன்னைக்கும் தெரியல, இன்னைக்கும் தெரியல. மொதல்ல பாத்துக் கத்துனது எங்க பூட்டன். போலீசு வந்துச்சு, பொணத்தத் தூக்கிட்டுப் போச்சு. மறுநாள் எடத்தப் படம் புடிக்கணும்னு பாளையங்கோட்டையிலேருந்து சவரிராயன்னு ஒரு போட்டோக்காரரக் கூட்டியாந்தாவளாம். முக்காலி, பொட்டி, கறுப்புத் துணி. ஊரே வேடிக்க பாக்குது.

"யாராவது வந்து, பொணம் கெடந்த எடத்தக் கைகாட்டி நில்லுங்கய்யா, அப்பதான் கோர்ட்டுல வெளங்கும்"னாராம் சவரிராயன். யாரு போவா? போட்டோ புடிச்சா ஆயுசு கொறையும்னு பயந்த காலம். ஆளாளுக்குப் பின்னால நழுவுதாவ.

"பாவம், வெயில்ல நிக்காரு. நான் நிக்கேன் சாமி"ன்னு போனாராம் எங்க பூட்டன்.

"கைய நீட்டு. அசையாத. மூச்சக்கூட விடாத."

நின்னாரு. அசையாம நின்னாரு. நல்லா வெளங்குத மாதிரி நின்னாரு, பாவி மனுசன்.

கொலகாரன் சிக்கல. மேலிடத்துலேருந்து நெருக்குதாவ. போலீசு என்ன செஞ்சுது? அந்தப் படத்தக் கொண்டுபோய்க் கோர்ட்டுல வச்சுது. "கொன்னவனே எடத்தக் காட்டுதான், பாருங்க எசமான்!"

சவரிராயன் பதறிப்போய் ஓடுனாராம். கூண்டுல ஏறி, "ஐயா, நாந்தான் நிக்கச் சொன்னேன், நாந்தான் கைய நீட்டச் சொன்னேன்"னு அழுதாராம். ஜட்ஜு தொர படத்தப் பாத்தாராம். "இதுல நீ எங்க இருக்க? அவன்தான இருக்கான்"னாராம்.

படம் புடிச்சவன் படத்துல எப்படி இருப்பான்?

தூக்குல போட்டுட்டாவ. பொணத்தக்கூடக் குடுக்கல. அவரு பொஞ்சாதி, எங்க பூட்டி ஆவுடை, ஜெயில் வாசல்ல கெடந்து கெடந்து பாத்துட்டு வெறுங்கையோட திரும்பி வந்தாளாம். ஊரும் பாத்துக்கிட்டுத்தான் இருந்துச்சு. தொரைய எதுத்து யாரு பேச?

போன வருசம் மெட்ராசுலேருந்து ஒரு தம்பி வந்தாரு. அந்தக் காலத்துல கொல நடந்த எடத்துப் படமெல்லாம் தேடிச் சேக்காராம். எங்க பூட்டன் படமும் அவரு கையில இருந்துச்சு. பாறையில இருக்க வெடிப்ப வச்சு எடத்தக் கண்டுபுடிச்சுட்டாரு. பூட்டன் மூஞ்சிய அன்னைக்குத்தான் நாங்க மொதமொதப் பாத்தோம். அப்படியே எங்க அண்ணன் சாடை. கண்ணுல பயமே இல்ல, அதத்தான் என்னால தாங்க முடியல.

"அதே எடத்துல இப்ப ஒருத்தர் கைகாட்டி நின்னீங்கன்னா, ரெண்டு படத்தையும் பக்கத்துல வச்சுப் பாக்கலாம்"னாரு அந்தத் தம்பி. நல்ல புள்ளதான், தப்பா ஒண்ணும் கேக்கல. ஆனா யாரும் போகல. கெஞ்சிப் பாத்தாரு. கடைசியில ஆளில்லாமதான் படம் புடிச்சுட்டுப் போனாரு.

பூட்டன் போன நாள்லேருந்து அது கைகாட்டிப் பாறை. அந்த நாள்லேருந்தே எங்கூர்ல யாரும் கைய நீட்டி எடம் காட்டுதது கெடையாது. வெளியூராளு வழி கேட்டா, கூடவே நடந்து கொண்டுபோய் விட்டுட்டு வருவோம். எவ்வளவு மருவாதையான ஊருன்னு சொல்லிட்டுப் போவாவ. எங்களுக்குல்ல தெரியும், அது பயம்.