சொன்ன பேச்சு கேட்ட குதிரை

இல்லைங்கய்யா, இது விக்கிறதுக்குக் கொண்டாந்த பானை இல்ல. வாசல்ல நிக்கிற போலீசுகாரரும் இதையேதான் கேட்டாரு. பானைய வெளிய வச்சுட்டுப் போய்யான்னாரு. வைக்க மாட்டேன்னுட்டேன். சாட்சி சொல்ல வந்தவன் சாட்சியத்தை வாசல்ல வச்சுட்டு உள்ள வருவானா? சிரிக்காதீங்கய்யா. சித்த நேரத்துல உங்களுக்கே வெளங்கும்.

பேரு திருப்பதி. வல்லத்திராக்கோட்டை. பானை செய்யிற வேளாருங்க. கீழ ராஜ வீதி முக்குல, காப்பி கிளப்புக்கு எதுத்தாப்புல சட்டி பானை பரப்பி விக்கிறேன். வயசு அறுவதுன்னு எழுதிக்கங்க. கூடக் கொறைய இருந்தா யாரு வந்து கேக்கப் போறா.

சூசைராஜ் விசயமாத்தான் வந்தேன். இந்த லாயத்துல குதிரை தேய்ச்சுத் தண்ணி காட்டுறானே, அந்த சூசைராஜ். குதிரையோட வயித்து வாரை வேணும்னே தளத்தி விட்டுட்டான், சேணம் சரிஞ்சு ஏட்டய்யா விழுந்து இடுப்பு ஒடிஞ்சு போச்சுன்னு அவனைப் புடிச்சு உள்ள வச்சிருக்கீங்கள்ல? அவன் செய்யலைங்கய்யா. அவனுக்கு ஏது அவ்வளவு தெம்பு? ஏட்டய்யா செருமுனாலே வேட்டிய நனைக்கிற பய அவன். யாரு செஞ்சதுன்னு எனக்குத் தெரியும். சொல்றேன். ஆனா ஒண்ணு. நான் சொல்றதை நீங்க எழுதணும். எழுதி, சத்தமா வாசிக்கணும். எனக்கில்ல. அங்கிட்டு புளியமரத்தடியில ஒரு பொம்பளை உக்காந்திருக்கு பாருங்க, முந்தானைக்குள்ள வலது கைய மறைச்சுக்கிட்டு. அதுக்குக் கேக்கணும். என் வீட்டுக்காரி. கூட்டியாரதுக்குள்ள போதும் போதும்னு ஆயிருச்சு.

என்னது, குதிரைப் போலீசு வேணுமா வேணாமாவா? ஆமா, கேள்விப்பட்டேன். ராசா சமஸ்தானத்தைச் சர்க்காரு சேத்துக்கிட்டாங்க, இனிமே குதிரை எதுக்குன்னு திருச்சினாப்பள்ளியிலேர்ந்து ஒரு ஐயா வந்து கடைக்குக் கடை கேக்குறாருன்னாங்க. என் கடைக்கு மட்டும் வரலை நீங்க. பானைக்காரன்கிட்ட என்ன கேக்குறதுன்னு விட்டுட்டீங்க போல.

கேட்டா நல்லதுதான் சொல்வேன். பொய் சொல்லக் கூடாதுல்ல. தெருவுல லாடச் சத்தம் கேட்டுச்சுன்னா சந்தையில முடிச்சு அவுக்குறவன் கைய மடிச்சுக் கக்கத்துல வச்சுக்கிருவான். நடந்து வார போலீசுகாரருக்கு முன்னாடி நிக்கிறவன் முதுகுதான் தெரியும். குதிரை மேல இருக்குறவருக்கு மொத்தக் கூட்டத்தோட தலையும் தெரியும்ல? முன்ன ஞானமணின்னு ஒரு ஏட்டு இருந்தாரு. ஆடித் திருநாள்ல தொலைஞ்சு போன புள்ளைய குதிரை மேல இருந்தபடியே கண்டுபுடிச்சு, முன்னாடி உக்கார வச்சு, தாய்க்காரிகிட்டக் கொண்டாந்து விட்டாரு. அந்தப் புள்ளை எறங்க மாட்டேன்னு அழுதுச்சு. பொம்பளைக பாதையில உக்காந்திருந்தா அவரு குதிரைய விட்டு எறங்கி, புடிச்சுக்கிட்டு நடந்துதான் போவாரு. அவரும் ஏறுனது இதே செவலைதாங்கய்யா. குதிரை மாறலை. மேல உக்காந்த ஆளுதான் மாறுனாரு.

ஏட்டு ஆத்மநாதன். ஆமா, இப்ப ஆஸ்பத்திரியில கெடக்குறவருதான்.

போன வெள்ளிக்கெழமை நடந்ததை ஊரே பாத்துச்சு. யாரோ பெரிய மனுசரு காரு வருதுன்னு ரோட்டைக் காலி பண்ண வந்தாரு. மேலண்டையிலேர்ந்து செவலைய நாலுகால் பாய்ச்சல்ல வெரட்டிக்கிட்டு வாராரு. கீரைக்காரிக கூடைய இழுத்துக்கிட்டு அங்கிட்டும் இங்கிட்டும் ஓடுறாளுக. என் கடைக்கு நேரா வந்துச்சு குதிரை. வந்து, நட்டு வச்ச கல்லாட்டம் நின்னு போச்சு. குதிரை நின்னுச்சு, ஏட்டய்யா நிக்கலை. அது தலைக்கு மேல போயி தண்ணித் தொட்டி வெளிம்புல விழுந்தாரு. அவரு விழுந்தபெறகுதான்யா சேணம் சரிஞ்சுச்சு. அவரு கால் மாட்டி இழுத்ததுல சரிஞ்சுச்சு. வாரு இறுக்கமாத்தான் இருந்துச்சு. காலையில நானே தொட்டுப் பாத்தேன்.

எனக்கு எதுக்குக் குதிரை வாரா? அது சரி, அதைக் கேப்பீங்கன்னு தெரியும்.

தெனமும் ரோந்து போறப்ப ஏட்டய்யா காப்பி கிளப்புல எறங்குவாருங்க. ரெண்டு இட்டிலி, ஒரு காப்பி, அப்புறம் மொதலாளியோட வெட்டிப் பேச்சு. அது முடியிறவரைக்கும் குதிரைய யாராச்சும் புடிச்சுக்கிட்டு நிக்கணும்ல? நான்தான் நிப்பேன். எட்டு வருசம். ஒரு நாள் தப்பாது. காச்சல் வந்தப்பக்கூட கம்பளியப் போத்திக்கிட்டு வந்து நின்னேன். ஏட்டய்யா தூரத்துல வாரப்பவே தலைத்துண்டை இடுப்புல கட்டிக்கிட்டு ஓடுவேன். குடுங்கய்யா, நான் பாத்துக்கிறேன், நீங்க சாவகாசமா சாப்புடுங்கம்பேன். அவருக்கு என்னைய ரொம்பப் புடிச்சுப் போச்சு. டேய் பானைன்னுதான் கூப்புடுவாரு. எம் பேரு அவருக்குத் தெரியாது.

ஊரு சிரிச்சுச்சுய்யா. காப்பி கிளப்பு மொதலாளி என் காதுபடவே சொன்னாரு, பொண்டாட்டி கைய மிதிச்ச குதிரைக்கு வெல்லம் ஊட்டுறான் பாரு, இவனெல்லாம் சோத்துல உப்பு போட்டுத்தான் திங்கிறானான்னு.

ஆமாங்கய்யா. மிதிச்ச குதிரை அதுதான்.

செருமன்காரன் சண்டை ஆரம்பிச்ச மறு வருசம். அன்னைக்கும் இதே மாதிரி ஒரு காரு வந்துச்சு. ஏட்டய்யா வேலைக்கு வந்து ஒரு மாசங்கூட ஆகலை. எடுங்கடி எடுங்கடின்னு கத்திக்கிட்டு வந்தாரு. எல்லாத்தையும் எடுத்துட்டோம், ஒரே ஒரு தண்ணிப் பானை பாக்கி. என் வீட்டுக்காரி குனிஞ்சு கைய நீட்டுனா. குதிரை வந்து நின்னுச்சு. நல்லாக் கேளுங்கய்யா, நின்னுச்சு. குதிரை ஆளை மிதிக்காது. ஐயனாருக்கு மண்ணுல குதிரை செஞ்சு வைக்கிற குடும்பம்யா நாங்க, அதோட கால் எங்கிட்டு மடங்கும், காது எப்பத் திரும்பும்னு எனக்குத் தெரியும். அது முன்னங்காலைத் தூக்கிட்டு பின்னாடிதான் போகப் பாத்துச்சு. அவரு விடலை. பூட்ஸு முள்ளால விலாவுல ஒரு குத்து. மறுபடி ஒரு குத்து. அவ பானையத் தள்ளி விட்டுட்டா. பானை உருண்டு ஓடிப் பொழச்சுக்கிருச்சு. கைதான் மாட்டிக்கிருச்சு.

அது என்ன கைன்னு தெரியுமாய்யா உங்களுக்கு? நான் சக்கரத்துல சுத்தி எடுக்குற பானைக்கு அடி இருக்காது, ஓட்டையா இருக்கும். உள்ளுக்குள்ள கல்லைக் குடுத்து, வெளியில பலகையால தட்டித் தட்டி அடிய மூடணும். அந்தத் தட்டு அவ தட்டு. அவ தட்டுன பானைய சுண்டுனா மூணு தெரு தள்ளி நின்னாலும் கேக்கும். அப்புறம் எட்டு வருசமா நானே தட்டுறேன். தண்ணி நிக்கும். சத்தம் வராது.

இதே போலீசுக் கச்சேரியிலதான் வந்து நின்னோம், துணி சுத்துன கையோட. ஏட்டய்யா வந்தாரு. என்னய்யான்னு விசாரிச்சாங்க. அவரு அலுத்துக்கிட்டே சொன்னாரு, குதிரை சொன்ன பேச்சு கேக்கலைங்க, நான் என்ன செய்யட்டும்? அவ்வளவுதான். அதை அப்படியே எழுதிக்கிட்டாங்க. எங்களுக்கு வாசிச்சும் காட்டுனாங்க. குதிரை சொன்ன பேச்சு கேக்கலை. போங்கன்னுட்டாங்க.

பொய்யிங்கய்யா அது. சொன்ன பேச்சைக் கேட்டதுனாலதான் அது மிதிச்சுச்சு.

கை போனதைக்கூட அவ தாங்கிக்கிட்டா. மறு மாசத்துலேர்ந்து நான் போயி அந்தக் குதிரைய புடிச்சுக்கிட்டு நின்னேன்ல, அதைத்தான் தாங்க முடியலை. சோறு போடுவா. தட்டைத் தள்ளி வைப்பா. எட்டு வருசத்துல எங்கிட்ட ஒரு வார்த்தை பேசலைங்கய்யா. மகன் கல்யாணத்துலகூட பக்கத்துல நின்னா, மூஞ்சி அங்கிட்டு இருந்துச்சு. சொல்லியிருக்கலாமேன்னு கேக்குறீங்க. எப்படிய்யா சொல்ல? அவ வாயில நிக்காது. தங்கச்சிகிட்டச் சொல்வா, தங்கச்சி கொளத்தங்கரையில சொல்வா, மறுநா காப்பி கிளப்புக்கு வந்துரும்.

ஏட்டய்யாவை ஆஸ்பத்திரியில போயிப் பாத்தேன். ஆமா, மறுநாளே போனேன். ஆரஞ்சுப் பழம் வாங்கிக்கிட்டுப் போனேன். அவரு படுத்துக்கெடக்குற அழகைக் கிட்ட நின்னு பாக்கணும்ல? இனிமே எந்திரிச்சு நடக்குறதே செரமம்னு டாக்டரு சொல்லிட்டாராம். காதுகிட்டக் குனிஞ்சு கேட்டேன், ஏட்டய்யா, குதிரை சொன்ன பேச்சு கேக்கலைங்களான்னு. எட்டு வருசமா வாய்க்குள்ளேயே சொல்லிச் சொல்லிப் பாத்து வச்சிருந்த வார்த்தைய்யா அது. அவரு மூஞ்சி அப்படியே செத்துப் போகும்னு நெனச்சேன்.

அந்த ஆளு என்ன செஞ்சாருங்கிறீங்க? என் கையப் புடிச்சுக்கிட்டு அழுதாருய்யா. நீ ஒருத்தன்தான்டா பானை என்னையப் பாக்க வந்தன்னாரு. ஆமாடா, அந்தச் சூசைராஜ் பய பண்ண வேலையில குதிரை பேச்சு கேக்கலைடான்னாரு. அவருக்கு நெனப்பே இல்லைங்கய்யா. கையி இல்ல, கச்சேரி இல்ல, அவரு சொன்ன வார்த்தைகூட நெனப்பு இல்ல. ஆரஞ்சை உரிச்சுக் குடுடான்னாரு. குடுத்துட்டு வந்தேன்.

வார வழியெல்லாம் அந்தப் பேரைத்தான் சொல்லிக்கிட்டு வந்தேன். சூசைராஜா? அந்தப் பயலா? எட்டு வருசம் ஊரு காறித் துப்புனதைத் தொடச்சுக்கிட்டு நின்னது நானு, பேரு அவனுக்கா? நல்ல வேலை செஞ்சடா சூசைராஜுன்னு கீரைக்காரி ஒருத்தி அவன் ஆத்தாவைக் கட்டிப் புடிச்சு அழுகுறா. அதை என் வீட்டுக்காரி நின்னு பாக்குறா. பாத்துட்டு என்னைய ஒரு பார்வை பாத்தா. அந்தப் பய ஆம்பளைன்னு சொல்லாம சொன்னாய்யா.

சரி, இப்பப் பாருங்க. லாயம் இந்தச் சன்னலுக்குப் பின்னாடிதானே? செவலை மொகத்தை அங்கிட்டுத் திருப்பிக் கொள்ளு தின்னுக்கிட்டு நிக்குது. நல்லாப் பாத்துக்கங்க, இந்தப் பானைய சுண்டுறேன்.

டங். டங். டங்.

பாத்தீங்களா? காதைப் பாருங்க. தின்னுறதை விட்டுட்டு எப்படித் திரும்புச்சு பாருங்க. இனி யாரு இழுத்தாலும் ஒரு அடி நகராது, நான் போயி வெல்லம் குடுக்குறவரைக்கும். மொதல்ல ரெண்டு எட்டு நடத்துறது, மூணு சுண்டு, நின்னா வெல்லம். அவரு இட்டிலி திங்கிறதுக்குள்ள தெனம் ஏழெட்டுத் தடவை. ஒரு வருசத்துல பழகிருச்சு. மிச்ச ஏழு வருசமும் எதுக்குக் காத்திருந்தேன்னா, மெதுவா நடந்து வாரப்ப சுண்டுனா நிக்கும், அவரு ஒரு அதட்டு போடுவாரு, அவ்வளவுதான். பாய்ச்சல்ல வரணும்ல? என் கடைக்கு நேரா பாய்ச்சல்ல வரணும். வெள்ளிக்கெழமை வந்தாரு. சுண்டுனேன்.

குத்தம் இல்லையா? எப்படிய்யா குத்தம் இல்லைங்கிறீங்க? பானைய சுண்டிப் பாக்குறது பானைக்காரன் தொழிலுதானேங்கிறீங்களா? குதிரைக்கு வெல்லம் குடுத்தா சட்டத்துல எடமில்லையா? ஐயா, என்னையப் பாவம் பாத்து அனுப்பாதீங்க. உள்ள போடுங்க, வெளிய விடுங்க, அது உங்க பாடு. எழுதாம மட்டும் விட்டுறாதீங்க. அந்தப் பழைய காகிதம் எங்கயாச்சும் இங்கதான் கெடக்கும். அதுக்குக் கீழேயே எழுதுங்க. குதிரை சொன்ன பேச்சு கேட்டுச்சுன்னு எழுதுங்க. அன்னைக்கு ஆத்மநாதன் சொன்னதைக் கேட்டுச்சு. வெள்ளிக்கெழமை திருப்பதி சொன்னதைக் கேட்டுச்சு. எழுதுனதை ஒரு ஆளை விட்டு ஆஸ்பத்திரியிலயும் வாசிக்கச் சொல்லுங்க. பானைன்னு எழுதாதீங்க, திருப்பதின்னு எழுதுங்க.

எழுதிட்டீங்களா? இருங்க, வாசிக்காதீங்க, அவளைக் கூப்புட்டுக்கிறேன். மரத்தடியிலேர்ந்து எந்திரிச்சு நிக்கிறா பாருங்க. சுண்டுன சத்தம் கேட்டிருக்கும். அவளுக்குத் தெரியாம இருக்குமா அது?

இந்தப் பானைய ஒரு நிமிசம் புடிச்சுக்கங்கய்யா. பதனம். அன்னைக்கு உருண்டு ஓடிச்சுல்ல, அந்தப் பானைதான்.