தபசு காலத்தில் தேறிய உடம்பு

ட்ராம் நின்றுபோன வருடம். ராயபுரத்து ஆஸ்பத்திரி ஒன்றில், மருந்து வாங்கும் பெண்கள் வரிசையில் காலி பாட்டிலோடு நின்றிருந்தேன். எனக்கு முன்னால் இரண்டு பேர். கழுத்தில் சிலுவை போட்டிருந்த இளையவள் கூட வந்தவளிடம் சொன்னாள்:

"நோவு எனக்கு, மருந்து அந்தாளுக்கும் வேணுமாம்க்கா."

"இன்னாடி சொல்ற? வெள்ளப்படுறது உனக்குத்தானே?"

"எனக்குத்தான். அரிப்பு வேற. டாக்டரம்மா பூதக்கண்ணாடியில பாத்துட்டு, பூச்சி நீந்திகினு கீதுன்னாங்க. புருசனையும் இட்டுகினு வா, அவருக்கும் கீதுன்றாங்க."

"அவரு கல்லாட்டம் ஹார்பர்ல மூட்ட தூக்கிகினு கீறாரு. அவருக்கு இன்னா கொற?"

"நானும் அதான் கேட்டேன். ஆம்பளைக்கு அனேகமா வெளிய ஒண்ணும் தெரியாதாம். ஆனா பொஞ்சாதிக்கு ஒட்டிக்குமாம்."

"சூடுடி அது. வெந்தயம் ஊறப்போட்டுக் குடி."

"குடிச்சி அலுத்துட்டேன். போன வாட்டி குடுத்த மருந்துல ஈஸ்டருக்கு முன்ன கறி துன்னாத நாப்பது நாளு, தபசு காலம் பூரா நல்லாத்தான் இருந்தேன். மாதா புண்ணியம்னு மெழுகுவத்தி கூட ஏத்துனேன். ஈஸ்டர் முடிஞ்சி மறுபடியும் வந்துச்சி. கறி துன்ன சூடுன்னு நெனச்சேன்."

"பின்ன இன்னாவாம்?"

"தபசுல அந்தாளு தனியா படுப்பாரு. வேண்டுதல்."

வரிசை ஓரடி நகர்ந்தது.

"ஆஸ்பத்திரிக்கு அவர கூப்ட்டியா?"

"கூப்ட்டேன். 'நான் இன்னா கலீஜா? நீ எவனாண்ட இத வாங்கினு வந்தே?'ன்னு என்னியே கேட்டாரு."

இளையவள் பாட்டிலை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றிக்கொண்டாள்.

"ஈஸ்டரே வராம இருந்தா தேவலாம்க்கா."