ஈரப்புடவைக்காரி

பானு: நோட்டா? எந்த நோட்டு?

ஸ்ரீதர்: தெரியாத மாதிரி கேக்காதக்கா. நைனாவோட கிராஃப் நோட்டு. நாம பிளேஸ்டேஷன்ல ஆடுவோமே, கிணத்து வீடு... அதுக்கு நீ மேப் போட்டியே, அந்த நோட்டு.

பானு: ஆறு மாசம் கழிச்சு அக்கா கடைப் பக்கம் வர்ற. வந்ததும் வராததுமா நோட்டு. ...இருங்கம்மா, கட்டித் தரேன். ரெண்டு முழமா? ...டேய், நகந்து நில்லு. மலைக் கோயிலுக்குப் போறவங்க நிக்கறாங்க இல்ல.

ஸ்ரீதர்: பாவா எங்க?

பானு: பூ எடுக்கப் போயிருக்காரு. அவரு வர்றதுக்குள்ள வாங்கினு ஓடிடலாம்னு பாத்தியா?

ஸ்ரீதர்: இன்னாக்கா நீ... நாளைக்கு சாயந்தரம் என் சேனல்ல லைவ் கீது. யாரும் கண்டுக்காம விட்ட பழைய பேய் கேம் பத்தியெல்லாம் பேசினு வர்றேன் இல்ல. நாளைக்கு கிணத்து வீடு. நோட்ட கேமரா முன்னாடி காட்டினா...

பானு: போன வாரம் அதுக்கு ஒரு முன்னோட்டம் போட்டியே, பாத்தேன்.

ஸ்ரீதர்: பாத்தியா? எப்படி இருந்துச்சு?

பானு: "பள்ளிப்பட்டுல, தறிச் சத்தத்துக்கு நடுவுல, பன்னெண்டு வயசுல, நான் தனியா அந்த வீட்டுக்குள்ள போனேன்." ...தனியா.

ஸ்ரீதர்: அது... ஒரு பேச்சுக்கு.

பானு: கேம்ல அந்தப் பேய், ஈரப்புடவைக்காரி, வந்தா என் துப்பட்டாவ இழுத்து மூஞ்சில போட்டுகினு, "போயிட்டாளாக்கா, போயிட்டாளாக்கா"ன்னு கேட்டுகினே இருப்ப. அந்தத் தனியா தான?

ஸ்ரீதர்: சரி, பயந்தேன். யாரு பயப்படல? பாட்டு கெடையாது, ஒன்னு கெடையாது. தண்ணி சொட்டற சத்தம் மட்டும். அவ்ளோ பெரிய வீட்டுக்குத் துப்பாக்கில மொத்தமே ஆறு குண்டு. இப்ப வர்ற கேம்ல எல்லாம் குண்டு கொட்டிக் கிடக்குது, பயம் எங்கருந்து வரும்?

பானு: சேவ் பண்ணணும்னா கிணத்துல தண்ணி சேந்தணும்.

ஸ்ரீதர்: ஆங். சேந்தச் சேந்த கயிறு தேயும். பத்து வாட்டியோட அறுந்துடும். எவனுக்குக்கா இந்த மாதிரி தோணும்? பயந்து பயந்து சேவ் பண்ணவன் கடைசில மாட்டுவான். விக்கவே இல்ல அந்த கேம். யாருக்கும் அருமை தெரியல.

பானு: எட்டு வாட்டி நீயே இறைச்சுத் தீத்துட்ட. ரெண்டு தான் எனக்கு மிச்சம் வெச்ச.

ஸ்ரீதர்: அந்த ரெண்ட வெச்சுகினு நீ கடைசி கதவு வரைக்கும் போன. டிஸ்க் பூரா ஜப்பான் எழுத்து, ஒரு வார்த்தை புரியாது. நைனா புடவைக் கரை டிசைன் போடற நோட்டுல, ஒரு கட்டத்துக்கு ஒரு அடின்னு கணக்கு வெச்சு... கலர் பென்சில்ல... நீ இல்லன்னா நான் முத ரூம தாண்டியிருக்க மாட்டேன்.

பானு: இத அங்க சொல்லேன்.

ஸ்ரீதர்: சொல்றேன்க்கா. நாளைக்கு சொல்றேன். நோட்டக் குடு.

பானு: அந்த வயசுலயே முடிச்சேன்னு வேற சொல்லிட்ட. நாம எங்கடா முடிச்சோம்?

ஸ்ரீதர்: நீதான் நிறுத்திட்ட. கதவு மட்டும் பாக்கி. திடீர்னு ஒருநாள் தலை வலிக்குதுன்ன. அப்பறம் எவ்ளோ கெஞ்சினேன்... தொடவே இல்ல. நோட்டையும் பெட்டில வெச்சுப் பூட்டிட்ட.

பானு: தலை வலிச்சுது.

ஸ்ரீதர்: மாசக்கணக்காவா? ...அது கெடக்கட்டும், ஒன்னு சொல்றேன் கேளு. இப்ப யாரோ அத இங்கிலீஷ்ல மாத்திப் போட்டிருக்கான். போன மாசம்தான் முழுக்க ஆடினேன். அவ நம்மளத் துரத்தவே இல்லக்கா. நாம ஆடற அந்தப் பையனோட அக்கா அவ. அவன எப்படியாவது வெளிய அனுப்பிடணும்னு சாவிய வெச்சுகினு பின்னாடியே வர்றா. ஓடாம நின்னாப் போதும், குடுத்துடுவா. நாம என்னடான்னா ஆறு குண்டையும் அவ மேலயே...

பானு: சுடு சுடுன்னு கத்தினது நீ.

ஸ்ரீதர்: நான்தான். கடைசில அது தெரிஞ்சதும் அழுதுட்டேன்க்கா. நிஜமா.

பானு: அதுக்கு அழுத.

ஸ்ரீதர்: இன்னா?

பானு: ஒன்னுமில்ல. ...தேங்கா உடைச்சுத் தரணுமாங்க? மேல உடைச்சுக்கறீங்களா, சரி. ...அந்த நோட்டப் பாத்துட்டுதான் புஷ்பலதா டீச்சர் மெட்ராஸ் காலேஜுக்கு எழுதிப் போடச் சொன்னாங்க. துணி டிசைன் படிப்பு. ஞாபகம் கீதா?

ஸ்ரீதர்: ...ம்.

பானு: நேர்ல வரச் சொல்லி லெட்டர் வரும்னாங்க. நான் தறியில இருந்தாலும் காது போஸ்ட்மேன் சைக்கிள் மேலயே இருக்கும். ஜூன் மாசம் பூரா. வரவே இல்ல.

ஸ்ரீதர்: பழசெல்லாம் இப்ப எதுக்குக்கா?

பானு: நீதான பழசத் தேடினு வந்திருக்க. ...தை மாசம் உன் பாவாவுக்கு இங்க கட்டிக் குடுத்துட்டாங்க. அஞ்சு வருஷம் கழிச்சு நீ மெட்ராஸ் போய் படிச்ச. நான் இங்க உக்காந்து படி ஏறறவங்களுக்குப் பூ கட்டினு கீறேன்.

ஸ்ரீதர்: நல்லாத்தான கீற. பாவா தங்கமான மனுஷன்.

பானு: அவர யாரு குறை சொன்னா? ...நோட்டு முருகர் படத்துக்குப் பின்னாடி கீது, எடுத்துக்கோ.

ஸ்ரீதர்: இங்கயே வெச்சிருக்கியா? ...அப்படியே கீதுக்கா. கிணறு, மாடிப்படி, சமையக்கட்டு... ஏன்க்கா, இதுக்கு பிரவுன் அட்டை போட்டிருந்தோமே?

பானு: கிழிஞ்சுது. எடுத்துட்டேன்.

ஸ்ரீதர்: எப்ப?

பானு: உனக்குப் படம்தான வேணும். உள்ள பூரா பத்திரமா கீது.

ஸ்ரீதர்: ஆங்... படம்தான். சும்மா கேட்டேன். அட்டையோட இருந்தா பழசு மாதிரி தெரியும்னு... தூக்கிப் போட்டுட்டியா?

பானு: அடுப்புல வெச்சேன்.

ஸ்ரீதர்: அப்படியேவா? பிரிச்சுப் பாக்காமயேவா?

பானு: பிரிச்சா உள்ள இன்னா இருக்கும்? சொல்றா. இதுக்குத்தான வந்த. வீடியோ, லைவ்னு சுத்தி வளைக்கற.

ஸ்ரீதர்: லைவ் நிஜம்தான்க்கா. அந்த கேம ஆடி முடிச்சதுலருந்து தூக்கம் வரல. நான் ஒளிச்சு வெச்ச லெட்டர் இன்னும் அட்டைக்குள்ளயே இருந்தா, நீ என்னைக்காவது பாத்துட்டா... அதுக்குள்ள எடுத்துடலாம்னு... எனக்கு அப்ப பன்னெண்டு வயசுக்கா. நீ மெட்ராஸ் போயிட்டா அந்த வீட்டுக்குள்ள நான் தனியா எப்படிப் போவேன்?

பானு: ஜூன் இருபத்தி மூணு, காலைல பத்து மணிக்கு வரச் சொல்லி எழுதியிருந்தாங்க. அட்டை கிழிஞ்சு அது என் கைக்கு வந்தது ஜூலை ரெண்டு. நீ ஸ்கூலுக்குப் போயிருந்த. வந்ததும் உன்னத் தறிக்கட்டையால அடிக்கணும்னுதான் உக்காந்திருந்தேன். அதுவரைக்கும் கைக்கு ஏதாவது வேணுமேன்னு கேமப் போட்டேன். ஈரப்புடவைக்காரி வந்தா. அன்னைக்கு எனக்கு ஓடணும்னே தோணல, நின்னேன். கிட்ட வந்து சாவிய நீட்டினா. கடைசி கதவு தொறந்துச்சுடா, அக்காவும் தம்பியும் கைய புடிச்சுகினு வெளிய போனாங்க. நான் சேவ் பண்ணாம அணைச்சுட்டேன். நீ வந்ததும் அடிக்க மனசு வரல, தலை வலிக்குதுன்னு சொன்னேன்.