எடுக்காமல் விட்ட காந்தம்

மேலே எழுதியிருக்கும் பெயரும் விலாசமும் என்னுடையவைதான். வயது ஐம்பத்தெட்டு. வீட்டிலேயே தையல் வேலை செய்கிறேன். என் வீட்டுக்காரர் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். இதயம் தாறுமாறாகத் துடித்தால் ஷாக் கொடுத்து நேராக்கும் கருவி ஒன்று அவருடைய இடது மார்பின் மேல்புறம், தோலுக்கடியில் இருக்கிறது.

வலது நுரையீரலில் கட்டி வந்து, போன மாதத்திலிருந்து அவருக்குக் கரண்ட் வைக்கிறார்கள், கதிர் சிகிச்சைதான். மெஷின் ஓடும்போது கருவி ஏமாந்துபோய் வீணாக ஷாக் அடித்துவிடக் கூடாதென்று, அதன்மேல் வளையம் போன்ற ஒரு காந்தத்தை வைத்துப் பிளாஸ்திரி போட்டு ஒட்டுவார்கள். காந்தம் மேலே இருக்கும்வரை கருவி ஷாக்கே கொடுக்காது என்பது எங்களுக்கு அப்போது தெரியாது. முடிந்ததும் மெஷின் பார்க்கும் பெண்ணே அதை எடுத்துவிடுவாள்.

சென்ற திங்கட்கிழமை அவள் எடுக்கவில்லை. வெளியே ஒரு நோயாளி மயங்கி விழுந்ததாகச் சத்தம் கேட்டு ஓடிவிட்டாள். இவரே சட்டையை மாட்டிக்கொண்டு வந்துவிட்டார். அதன் பிறகு வீட்டில் பிளாஸ்திரியைப் பார்த்து நான் கேட்டதற்கு, "அவங்க ஒட்டினது, அவங்கதான் எடுக்கணும். நீ உன் ஊசி நூலைப் பாரு" என்றார். கரண்ட் வைக்கும் இடத்தைக் குறித்து மார்பில் போட்ட மைக் கோடு அழியக் கூடாதென்று சொன்னதற்கே அந்தப் பக்கம் சோப்பு படவிடாத மனிதர். நானும் விட்டுவிட்டேன்.

மறுநாள் காலை முகம் மழித்துக்கொண்டிருந்தவர் அப்படியே சரிந்து விழுந்தார். ஒரு கன்னத்தில் நுரை இருந்தது. கடைக்குப் போகச் சொன்னால் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு நடிப்பது அவர் வழக்கம் என்பதால் முதலில் திட்டினேன். அப்புறம்தான் மூச்சில்லை என்று தெரிந்தது. உடனே பனியனைக் கிழித்து, எங்கே அழுத்துவதென்று தெரியாமல் நெஞ்செல்லாம் அழுத்தினேன். காந்தம் கையில் இடறியதால் பிளாஸ்திரியோடு பிய்த்து எறிந்துவிட்டு மறுபடி அழுத்திக்கொண்டிருக்கும்போதே அவர் உடம்பு தூக்கிப்போட்டது. என் கையிலும் சுரீரென்றது. கொஞ்ச நேரத்தில் கண்ணைத் திறந்து, "முடியை ஏண்டி பிடுங்கின?" என்றார். நான் தரையில் உட்கார்ந்து அழுதேன்.

அதன் பிறகு ஆஸ்பத்திரியில் கருவியைச் சோதித்து, காந்தத்தை எடுத்த பிறகுதான் அது வேலை செய்திருக்கிறது என்றார்கள். அந்தப் பெண் வந்து, "நான்தாம்மா எடுக்காம விட்டுட்டேன்" என்றாள். நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. அதன் பிறகு என் மகன் போலீசில் புகார் கொடுத்தான். அவன் கோபத்தில் நியாயம் இருக்கிறது. நீங்கள் வந்து மெஷின் அறையைப் பூட்டி சீல் வைத்தீர்கள்.

எழுதியதை வாசித்துக் காட்டக் கேட்டேன். எல்லாம் நான் சொன்னதுதான், நடந்ததும் அதுதான். யாரும் சொல்லிக்கொடுத்துச் சொல்லவில்லை.

கையெழுத்துப் போடுமுன் இதையும் எழுதச் சொன்னேன். கரண்ட் வைத்ததில் நின்றிருந்த ரத்தம், நேற்றிலிருந்து இருமினால் அவருக்கு மறுபடி வருகிறது. எனக்குத் தெரியக் கூடாதென்று கைக்குட்டையை அவரே துவைத்துக்கொள்கிறார். இன்னும் பாதி சிகிச்சை பாக்கி இருக்கிறது. இங்கே வேறு மெஷின் கிடையாது. யாரை வேண்டுமானாலும் விசாரியுங்கள், எத்தனை முறை கூப்பிட்டாலும் வருகிறேன். அந்தப் பெண்தான் மெஷினை ஓட்டுவாள் என்றாலும் சரி, அறையைத் திறந்துவிடுங்கள்.

(கையொப்பம்)